நைட் பேட்டா

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் முப்பத்து மூன்று கிலோமீட்டர்.
பலா பழுக்கிற மாதங்களில்
குஞ்சப்பனையில் யானை நின்றுவிட்டால்
அது எத்தனை கிலோமீட்டர் என்று
எந்த மைல்கல்லிலும் எழுதியிருக்காது.

தலையில் அடிபட்டவர்களை அந்த வழியாகத்தான் இறக்குவேன்.
உள்ளே ரத்தம் கசிகிறதா இல்லையா,
படம் எடுத்தால்தான் தெரியும்.
படம் எடுக்கிற மெஷின் கீழே இருந்தது.
ராத்திரி ட்ரிப் ஒன்றுக்கு எனக்கு நானூறு ரூபாய் பேட்டா.
இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆஸ்பத்திரி கமிட்டி மூன்று ரசீதுப் புத்தகம் அடித்தது.
மூன்றாவது என்னிடம் வந்தது,
எல்லா வீட்டு வாசலும் தெரிந்தவன் என்று.
தெரியும்தான்.
பாதி வாசல்களில் ஸ்ட்ரெச்சரோடு நின்றிருக்கிறேன்.

பச்சை இலை விலை படுத்துக் கிடந்த வருஷம்.
கன்னேரிமுக்கு போஜன்
கிலோவுக்குப் பத்துப் பைசா பிடித்துக்கொள்ளச் சொல்லி
ஃபேக்டரியில் கையெழுத்துப் போட்டார்.
"மெஷின் வர்ற வரைக்குமா, நான் போற வரைக்குமா?"
கேட்டுவிட்டு அவரே சிரித்தார்.
கறிக்கடை சலாவுதீன்,
"எலும்பப் பாக்க மெஷின் எதுக்கு, இங்க வரச் சொல்லு" என்று
கத்தியைத் துடைத்துவிட்டு ஐந்நூறு நீட்டினார்.
நோட்டில் கொஞ்சம் கொழுப்பு ஒட்டியிருந்தது.

கைகாட்டி லைனில் யோகமலர்
சீட்டைத் தள்ளி எடுத்து ஆயிரம் கொடுத்தார்.
யார் பேரில் எழுத என்றேன்.
"சின்னவன் பேர்ல."
சின்னவன் என் வண்டியில்தான் போனான்.
எந்த வளைவில் என்று அவர் கேட்டதில்லை.
எழுதும்போது பேனா மக்கர் பண்ணியது,
இரண்டு தடவை உதறினேன்.

ரிசார்ட்காரர் இரண்டு லட்சம் தந்தார்.
அறை வாசலில் பித்தளைப் பலகை வேண்டும், எழுத்து புடைத்து நிற்க வேண்டும்.
ஓரடியா ஒன்றரை அடியா என்று
கமிட்டி மூன்று கூட்டம் போட்டது,
மூன்று கூட்டத்துக்கும் வர்க்கி வாங்கினார்கள்.

அதற்குப் பிறகுதான் எஞ்சினியர் சொன்னார்:
சுவருக்குள் ஈயத்தகடு வைக்க வேண்டும்,
கதிர் வெளியே வராமல்.
ஈயம் விற்கிற விலைக்கு
யாரும் எதிர்பார்க்காத தொகை.
சுவருக்குள் போகிற பொருள் என்பதால்
அதற்குப் பெயர்ப்பலகை கேட்டு ஒருவரும் வரவில்லை.
சில்லறை வசூல் முழுக்க அங்கேதான் போயிற்று.
போஜனின் பைசாக்கள், கொழுப்பு ஒட்டிய ஐந்நூறு,
சின்னவன் பேரில் ஆயிரம்,
எல்லாம் உருகித் தகடாகி
சிமென்ட் பூசி, வெள்ளை அடித்து
அந்த அறையைச் சுற்றி நிற்கின்றன.

பெங்களூரில் நாலு வருஷம் ஓடிய மெஷின்.
லாரிக்கு வழிகாட்ட நான் முன்னே போனேன்,
விளக்கு மட்டும் சுழல, சைரன் இல்லாமல்.
அந்த வளைவில் லாரி ஒரே மூச்சில் திரும்பவில்லை.
இறங்கி, பின்சக்கரத்துக்குக் கல் வைத்து
"வா... வா... நில்லு" என்றேன்.
பனி. டீசல் புகை.
கல்லை எடுத்து ஓரம் போட்டுவிட்டு ஏறிக்கொண்டேன்.

முதல் ராத்திரி,
கவாத்து வெட்டும்போது சரிவில் உருண்ட ஒருவர்.
வழக்கப்படி வண்டியை
மேட்டுப்பாளையம் பக்கம் பார்க்க நிறுத்தி
எஞ்சினை ஓடவிட்டிருந்தேன்.
கால் மணி நேரம்கூட ஆகவில்லை,
நர்ஸ் சரோஜினி ஜன்னலில் தட்டினார்:
"டாக்டர் பாத்துட்டார். ஒண்ணுமில்லையாம். ஆஃப் பண்ணுங்க."

ஆஃப் பண்ணினேன்.
நானூறு போச்சு என்று மனசு எண்ணியது.
எண்ணத்தான் செய்தது, மறைக்கவில்லை.
வீட்டு மளிகை நோட்டில்
அந்த மாதத்திலிருந்து மட்டன் என்ற வரியே இல்லை.
சலாவுதீன் பார்த்தால், ஆளையே காணோமே என்பார்.

புத்தகத்தில் கடைசித் தாள் ஒன்று மீதமிருந்தது.
என் பேரை எழுதினேன்.
ரூபாய் நானூறு மட்டும்.
காசாளரிடம் கொண்டு போனால்
"கணக்கு முடிச்சு ஆடிட்டும் ஆயாச்சு,
இத எதுல வரவு வைக்கிறது?" என்றார்.

தாள் டேஷ்போர்டில் கிடக்கிறது.
பணமும்.